செண்பகத்துக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது

கோமதி,

இதை என் போனில் தட்டி உனக்கு அனுப்புகிறேன். நாவலுக்காக நீ இணையத்தில் தொடங்கிய பக்கத்தின் பாஸ்வேர்டை நீ மாற்றிவிட்டாய். மாற்றியது சரிதான். அதனால் இதை அங்கே போடுவதா வேண்டாமா என்பது உன் கையில் இருக்கிறது. போட வேண்டும் என்பது என் விருப்பம். புத்தகம் வருவதற்கு முன்பே அதற்குப் பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் உன் சொல்லை நம்பித்தான் கொடுத்தார்கள். அப்படியிருக்க, உன்னிடம் நான் தலைகுனிவதை அவர்கள் பார்க்காமல் போனால் அது பாதிக் குனிவாகத்தான் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவரும் இதை வாசிக்கக்கூடும் என்பதால், உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று நீ கூப்பிட்டாய். மண்டபம், சாப்பாடு, பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்குக் குற்றாலத்தில் ரூம் எல்லாம் பேசி முடித்தபிறகு சொன்னாய். "அப்பா, என் ஆபீஸ் ஆளுக நாவலப் பத்திக் கேட்டா நீங்க ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம். என்ட்ட அனுப்பிருங்க. நான் பாத்துக்கிடுதேன்." நீ அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாய். திட்டியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும். கல்யாண வீட்டில் எந்தப் பெண்ணும் அலங்காரத்தைப் பற்றியும் மாலையைப் பற்றியும் யோசிப்பாள். நீ உன் அப்பன் வாயிலிருந்து என்ன பொய் வருமோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் பொய்யன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தேன். விருந்தாளி விட்டுப்போன மோதிரத்தை விலாசம் தேடி அனுப்பியவன். ஆனால் எனக்கு ஒரு குணம் இருந்தது, அதை நான் குணம் என்றே நினைக்கவில்லை. தெரியாது என்ற வார்த்தை என் வாயில் வராது. சாரல் சீசனில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும்போது ஆயிரம் பேர் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நாளைக்குத் தண்ணி விழுமா, ஐந்தருவியில் குளிக்க விடுவார்களா, இந்த எண்ணெய் முட்டுவலிக்குக் கேட்குமா என்று எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். சனி, ஞாயிறில் நீ என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாய். ஒருமுறை மெயின் அருவிக் கூட்டத்தில் ஒரு பையன் தொலைந்துபோய், அவன் அம்மா நம் லாட்ஜ் வாசலில் நின்று அழுதாள். போலீஸ்காரர்கள் அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ "அந்தப் பையன் கெடச்சிட்டானாப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். கிடைத்துவிட்டான், பஜ்ஜிக் கடையில் நின்றான் என்று சொன்னேன். நீ நிம்மதியாகத் தூங்கினாய். அந்தப் பையன் கிடைத்தானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பொய்யை அன்பு என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

லாட்ஜ் கைமாறி, பழைய ஆட்களை எல்லாம் அனுப்பியபிறகு, நான் வீட்டில் சும்மா இருப்பதைப் பார்த்து நீதான் எழுதச் சொன்னாய். சாப்பாட்டு நேரத்தில் நான் சொல்லும் லாட்ஜ் கதைகளை எல்லாம் ஒரு நாவலாக்கலாம் என்றாய். நான் மூன்று அத்தியாயம் எழுதினேன். புத்தி பேதலித்த புருஷனை அருவியில் குளிப்பாட்டுவதற்காக அழைத்து வந்து, ஒரு சீசன் முழுக்க லாட்ஜில் தங்கும் செண்பகம் என்ற பெண்ணின் கதை. அப்படி ஒரு பெண் நிஜமாகவே வந்தாள். விடியுமுன் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அருவிக்குப் போவாள். துண்டால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே படியேறி வருவாள். அவ்வளவுதான் நான் பார்த்தது. சில நாளில் ரூமைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குமேல் அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

நீ அந்த மூன்று அத்தியாயத்தையும் வாசித்து அழுதாய். பதிப்பகங்களுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம், இப்போது எழுதுகிறவர்கள் வாசகர்களிடமே நேரடியாகக் கேட்கிறார்கள், முன்கூட்டியே ஆதரவு கொடுத்தால் புத்தகம் முடிந்ததும் முதல் பிரதி அவர்களுக்குப் போகும், அவர்கள் பெயரும் கடைசிப் பக்கத்தில் வரும் என்று விளக்கினாய். எனக்கு அது கையேந்துவதுபோல இருந்தது. "கையேந்துறது இல்லப்பா, வாக்குக் குடுக்கறது" என்று சொன்னாய். சாரல் விழும்போது என்னை லாட்ஜ் வாசலில் நிறுத்தி வீடியோ எடுத்தாய். முதலில் உன் ஆபீஸ் தோழிகள் கொடுத்தார்கள். பிறகு முகம் தெரியாதவர்கள். சேர வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மாதாமாதம் நாவல் எந்த அளவில் இருக்கிறது என்று அவர்களுக்கு எழுத வேண்டும். நீ அதை அப்டேட் என்றாய்.

முதல் இரண்டு அப்டேட்டும் உண்மையாகத்தான் எழுதினேன். அதற்குப்பிறகு நாவல் நின்றுவிட்டது. செண்பகம் படியேறி வருவதுவரைதான் எனக்குத் தெரியும். அவளை ரூமுக்குள் அனுப்பியதும் அவள் என்ன பேசுவாள், அவர் என்ன செய்வார், ஒன்றும் ஓடவில்லை. எழுதுவேன், வாசித்தால் சினிமா வசனம்போல இருக்கும். அழிப்பேன். பிறகு எழுதுவதையே விட்டுவிட்டு, பேப்பர் பார்ப்பதும் டீக்கடைக்குப் போவதுமாகத் திரிந்தேன். ஆனால் அப்டேட் எழுதும் நாள் வந்துவிடும். அதைமட்டும் என்னால் எழுத முடிந்தது, கோமதி. பழைய குற்றாலத்துக்குப் போகும் வழியில் ஒரு பாறை இருக்கிறது, விடியற்காலையில் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், குரங்கு ஒன்று என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது என்று எழுதினேன். பாறையும் கிடையாது, பேனாவும் கிடையாது. ஜனங்கள் ரசித்தார்கள். "சார், நாவலே இப்படி இருந்தா எப்படி இருக்கும்" என்று பதில் போட்டார்கள். அதை வாசிக்க வாசிக்க எனக்கு நாவல் எழுதிவிட்ட திருப்தியே வந்துவிட்டது. பந்தியில் இலை போடாமலே ஏப்பம் விட்டவன் நான்.

உங்கம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒருநாள் அரிசி களைந்துகொண்டே, "எந்தப் பாறைக்கு எப்ப போனிய? எனக்குச் சொல்லவேயில்லையே" என்று கேட்டாள். அதெல்லாம் எழுத்தாளர்கள் எழுதுகிற விதம், உனக்குப் புரியாது என்றேன். "எனக்குப் புரியாம இருந்தாச் சரி. புள்ள பேரச் சொல்லி வாங்கியிருக்கு, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது அவள் மருகுகிறாள். அவள்மேல் ஒரு பிழையும் இல்லை. உன் மாமனார் ஆய்க்குடியிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அவள் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் மரியாதைக்குத்தான், "அண்ணாச்சி, புஸ்தகம் எப்ப வருது?" என்று கேட்டார். அச்சில் இருக்கிறது என்றேன். உங்கம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். நீ என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு எங்காவது எழுந்து போய்விடலாம்போல இருக்கிறது.

அதற்கு அடுத்த மாதம் எழுதியதுதான் எல்லாவற்றையும்விட மோசமானது. வெறும் பாறையும் குரங்கும் இனிமேல் போதாது, நாவல் நகர்கிறது என்று காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. செண்பகம் தன் புருஷனுடைய மாத்திரைகளை எல்லாம் சிற்றாற்றில் எறிந்துவிட்டு, அருவித் தண்ணீரை மட்டும் நம்புகிறாள், சாரல் முடியும்போது அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அந்த அத்தியாயத்தை அழுதுகொண்டே எழுதி முடித்தேன் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில், "இது கற்பனை இல்லை, என் லாட்ஜில் என் கண்ணால் பார்த்தது" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி இல்லாமல் அது ஏனோ எடுபடவில்லை. அதற்காகத்தான் சேர்த்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

கடையநல்லூரில் அதை ஒரு பெண் வாசித்தாள். அவள் பெயரை மைமூன் என்று வைத்துக்கொள்கிறேன். அவள் புருஷன் வளைகுடாவில் வேலை பார்த்தவர். அங்கே மனது கலங்கி ஊருக்கு அனுப்பப்பட்டவர். அவள் தம்பி ஒருவன் உன் ஆபீஸில் யாருக்கோ தெரிந்தவன், அந்த வழியில் நம் பக்கம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. செண்பகத்தின் கதை தன் கதை என்று அவளும் கொஞ்சம் பணம் கட்டியிருந்தாள். "அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார்? அவரிடம் பேச வேண்டும்" என்று பக்கத்தில் கேட்டாள். நீ அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாய்.

"அப்பா, அந்த லேடி நம்பர் இருக்கா?"

"இல்லம்மா. புனலூர் பக்கம் போயிட்டாங்க."

"நீங்க நேர்ல பாத்திய தானே?"

"பாத்தேன்ட்டி. பாக்காமயா எழுதுவேன்?"

நீ நம்பினாய். புனலூர் என்று அவளுக்குப் பதிலும் போட்டாய். உன் கையால் ஒரு பொய்யை எழுத வைத்தேன். நீ எத்தனையோ முறை என்னிடம் கேட்டுவிட்டாய், "அந்தப் பொண்ணுகிட்ட நான்லாப்பா பதில் சொன்னேன்" என்று.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, மைமூன் அவள் புருஷனோடு நம் தென்காசி வீட்டுக்கே வந்துவிட்டாள். பழைய லாட்ஜில் கேட்டு, வாட்ச்மேன் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டு பேருக்கும் தலை ஈரமாக இருந்தது. அருவியிலிருந்து நேராக வந்திருக்கிறார்கள். உங்கம்மா துண்டு கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டார். அவள்தான் எடுத்துத் துவட்டினாள். நான் லாட்ஜ் படியில் என்றைக்கோ பார்த்ததை இப்போது என் வீட்டு ஹாலில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நாங்களும் மாத்திரைய நிப்பாட்டிட்டோம் அண்ணாச்சி" என்றாள் அவள். "அதப் போட்டா நாள் பூரா தூங்குதாவ. நீங்க எழுதினதப் படிச்ச பெறவுதான் எனக்குத் தைரியம் வந்துச்சு. இவியளுக்குக் கொஞ்சம் படபடப்பா இருக்கு. அந்த அக்கா வீட்டுக்காரவியளுக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்துச்சா?"

அவர் விரல்கள் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. வாய்க்குள் ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கம்மா அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அப்போதுகூட நான் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தைதான். ஆனால் எதிரே நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பவளிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "மொதல்ல அப்படித்தாம்மா இருக்கும். சாரல் முடியுறதுக்குள்ள தெளிஞ்சிரும்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அவர்கள் இறங்கியதும் உங்கம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மைமூன் பின்னாலேயே தெருமுனைவரை போனதாகவும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று சொன்னதாகவும், அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டியதாகவும் பிற்பாடுதான் எனக்குச் சொன்னாள்.

அடுத்த வாரமே அவர் குற்றாலத்தில் கூட்டத்துக்குள் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டார். தேடாத இடம் இல்லை. செங்கோட்டை ரயில்வே ஸ்டேஷனில், செருப்பில்லாமல், உதடு கிழிந்து ரத்தத்தோடு தண்டவாளத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தவரைப் போர்ட்டர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து மைமூன் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, இவியள கட்டிப் போட்டிருக்காவ. எனக்கு அந்த அக்காட்ட ஒரு வார்த்த பேசணும். எப்படியாவது நம்பர் வாங்கித் தாங்க."

அப்போதுதான் சொன்னேன். அந்தப் பெண் வந்தது நிஜம், அவள் புருஷன் குணமானதும் மாத்திரையை எறிந்ததும் நானாக எழுதியது, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது என்றேன்.

"தெரியாதா?" என்றாள்.

"தெரியாதும்மா."

கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. "சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டாள். அவள் கோபப்படவில்லை.

அன்று சாயங்காலமே நம் பக்கத்தில் அவள் எழுதினாள். "இவர் எழுதியதுபோல யாரும் குணமாகவில்லை. யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால் திரும்பக் கொடுங்கள்." என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது என்ற ஒரே எண்ணம். புருஷனைக் கட்டிலில் கட்டிப் போட்டிருக்கும்போது அவளுக்கு அந்த எண்ணம் வந்திருக்கிறது. எனக்கு வரவில்லை. என் தரப்பை எப்படிச் சரிக்கட்டலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ அதைப் பார்த்துவிட்டுப் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்தாய். வீட்டுக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அவளோடு இருந்தாய். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீங்க வராதீங்கப்பா. அவங்களுக்கு இப்ப உங்களப் பாக்கற வேலையும் வேண்டாம்" என்றாய். பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நீயே எழுதினாய், திரும்பக் கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாய். நான் செய்த வேலைக்கு நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். உன்னைத் தூக்கி வளர்த்தவன் உன் தலையில் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது.

ஐப்பசி மழை விட்டபிறகு, உனக்குச் சொல்லாமல் நான் கடையநல்லூருக்குப் போனேன். அவர் வீட்டுக்கு வந்திருந்தார். மாத்திரை போட்டுக்கொண்டு, முன்னறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. "வாங்க" என்று நாற்காலியைத் தள்ளினார். மைமூன் வந்து நிலைப்படியிலேயே நின்றாள். நான் எழுதி மனப்பாடம் செய்துபோனது ஒன்றும் வரவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்றுமட்டும் சொன்னேன்.

அவள் கேட்டாள். "அன்னைக்கு உங்க வீட்டுல வச்சுக் கேட்டேம்லா, அப்ப தெரியாதுன்னு சொல்லியிருந்தா என்ன அண்ணாச்சி? நான் அங்கனயிருந்து நேரா டாக்டர்ட்ட போயிருப்பேன். வேற ஒண்ணும் நீங்க எனக்குச் செய்ய வேண்டாம். அந்த ஒரு வார்த்தைய ஏன் சொல்லல?"

வெட்கமாக இருந்தது என்றேன். அவளுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. எனக்கே அது புரியவில்லை. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னது அவர்தான், அவள் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து ஆய்க்குடிக்குப் போய் உன் மாமனாரிடமும் சொல்லிவிட்டேன். புத்தகம் அச்சில் இல்லை, எழுதவே இல்லை என்றேன். அவர் தோளைத் தட்டி, "இதுல என்ன அண்ணாச்சி இருக்கு, விடுங்க" என்றார். பெரிய மனுஷர். ஆனால் அன்றிலிருந்து அவர் என்னிடம் கேட்பதை எல்லாம் உங்கம்மாவிடம் மறுபடி ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்கிறார். பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்றா, சமையலுக்குச் சொல்லியாயிற்றா என்று. சரியாகத்தான் செய்கிறார்.

கல்யாணம் ஆகிற பெண்ணுக்கு அப்பா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்ல எனக்குத் தகுதியில்லை. பட்டதை மட்டும் சொல்கிறேன். உன் வீட்டில் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் தெரியாது என்றும், முடியவில்லை என்றும் தாராளமாகச் சொல்லிப் பழகுங்கள். சொன்னால் அன்றைக்கு மட்டும் முகம் வாடும். நான் எத்தனையோ பேருக்கு முகம் வாடக்கூடாது என்று பார்த்தவன். அது அவர்கள்மேல் இருந்த அக்கறை இல்லை, என் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டது. உன் புருஷன் ஒருநாள் வேலையில் தோற்றுவிட்டு வந்து எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொன்னால், அவர் கண்ணைப் பார். உங்கம்மா என் கண்ணைப் பார்த்தாள். நான்தான் திருப்பிக்கொண்டேன். உனக்குப் பிள்ளை பிறந்து, தொலைந்துபோன ஒருவனைப் பற்றிக் கேட்டால், தெரியாது கண்ணு, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல். அழட்டும். நீ பக்கத்தில் இரு.

நாவலைப் பற்றி, பணத்தைத் திருப்பிக் கேட்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூன்று அத்தியாயம் இருக்கிறது. நான்காவதில் சில பக்கம் எழுதியிருக்கிறேன், நன்றாக இல்லை. முடியுமா என்று எனக்குத் தெரியாது. இப்போது கேட்டாலும் உங்கள் பணத்தைக் கொடுத்துவிடுவோம். அதைக் கொடுக்க வேண்டியவன் நான், என் மகள் இல்லை. எனக்கு ஆய்க்குடி ரோட்டில் ஒரு சிறிய லாட்ஜில் பகல் நேர வேலை கிடைத்திருக்கிறது.

மைமூனைப் பற்றி அவளைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று, இதை உனக்கு அனுப்புமுன் அவளுக்குப் போன் செய்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பெயரையும் ஊரையும் மாற்றட்டுமா என்றேன். பேரை மாற்றினால் போதும் என்றாள். போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"போடுங்க. ஒரு எடத்துல மட்டும் தப்பா எழுதியிருக்கிய" என்றாள்.

எந்த இடம் என்றேன்.

"ஆஸ்பத்திரியிலேருந்து பேசுனப்ப நான் கோபப்படலன்னு போட்டிருக்கிய. அது உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கோபம் வந்துச்சு அண்ணாச்சி. பேச்சுதான் வரல. இன்னைக்கும் கோபம் இருக்கு. அத எழுதுங்க."

எழுதிவிட்டேன், கோமதி.

அப்பா